மலைக்காட்டு ஓடுபாதையில் சிறு விமானத்தை விபத்தின்றி இறக்குவது எப்படி

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தின் நடுப்பகுதியில், சாமன் ஆறும் அதன் கிளையாறுகளும் ஆழமாக அறுத்துச் சென்றிருக்கும் மலைகளுக்கிடையே, புல்லும் மண்ணும் சரளைக்கல்லும் மட்டுமே கொண்ட சிறு ஓடுபாதைகள் பல உள்ளன. சுரங்கம் தோண்டியவர்கள், கால்நடைப் பண்ணை வைத்திருந்தவர்கள், காட்டுத்தீயை அணைக்கச் சென்ற வனத்துறையினர் ஆகியோரின் தேவைக்காக உருவான இவற்றில் சில, இன்று ஃபிராங்க் சர்ச் – ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன் என்று பெயரிடப்பட்ட பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள் இருக்கின்றன. அந்தப் பரந்த வனப்பகுதியை 1980-இல் உருவாக்கிய சட்டமே, அங்கு முன்பே வழக்கத்திலிருந்த விமான இறக்கம் தொடரலாம் என்று அனுமதித்தது. கோடையில் செஸ்னா, பைப்பர், ஹஸ்கி வகைச் சிறு விமானங்களில் வந்து, இறக்கையின் நிழலில் கூடாரமடித்து, ஆற்றில் மீன்பிடித்துத் தங்குபவர்கள் ஏராளம். அவர்களுள் சிலருடைய விமானம் மூக்குக் குத்தியோ, சக்கரம் ஒடிந்தோ, தலைகீழாகக் கவிழ்ந்தோ அங்கேயே கிடந்துவிடுகிறது.

உரிமம் பெற்று, தார் அல்லது கான்கிரீட் ஓடுபாதையில் நன்றாக இறங்கத் தெரிந்து, முதன்முறையாக இத்தகைய இடத்துக்குப் போக விரும்பும் விமானியை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இது மலைப்பகுதியில் பறக்கக் கற்றுத்தரும் பயிற்றுநருக்கு மாற்று ஆகாது. ஐடஹோவில் மெக்கால் நகரத்தை மையமாகக் கொண்டு அத்தகைய பயிற்சிகள் நடக்கின்றன, முதல் பயணத்துக்கு முன் அவற்றில் ஒன்றை முடிப்பது கட்டாயம் என்றே நான் கருதுகிறேன். விபத்துகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. சக்கரம் ஒடிவது தரையில்தான் என்றாலும், அந்த ஒடிவுக்கான காரணம் பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு முன்பே, சில வேளைகளில் முந்தைய நாள் மாலையிலேயே உருவாகிவிடுகிறது. வேகம் சில நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) அதிகமாக இருந்திருக்கும், காற்று வாலிலிருந்து வீசியிருக்கும், திரும்பிப் போய்விடலாம் என்ற முடிவு, போவதற்கு இடமில்லாத இடத்தில் வந்திருக்கும். எனவே இங்கு சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல், விமானம் ஓடுபாதையைத் தொடுவதற்கு முன் செய்யவேண்டியவை.

கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுங்கள்

முதல் வேலை, உங்கள் விமானத்தின் கையேட்டைத் திறந்து, இறங்கும் தூரத்தை உண்மையான நிலைமைக்கு ஏற்பக் கணக்கிடுவது. கையேட்டிலுள்ள எண் புது விமானத்தில், தேர்ந்த விமானி, சரியான வேகத்தில் வந்து, பிரேக்கை முழுதாக மிதித்து, உலர்ந்த கெட்டியான பாதையில் நின்றபோது கிடைத்தது. உங்களுக்கு அந்த எண் ஒரு தொடக்கம் மட்டுமே.

ஐடஹோவின் ஜான்சன் கிரீக் ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம். மாநில அரசின் வானூர்திப் பிரிவு பராமரிக்கும் இந்தப் புல் ஓடுபாதை ஏறத்தாழ 3400 அடி நீளமும் 150 அடி அகலமும் கொண்டது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4900 அடிக்கு மேல் இருக்கிறது. இந்த வகை ஓடுபாதைகளில் இது தாராளமானது, புதியவர்கள் முதலில் வருவதும் இங்குதான். ஆயினும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5000 அடி உயரத்தில் இயல்பான வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ். ஜூலை மாதப் பிற்பகலில் அது 30 டிகிரியாக இருந்தால், இயல்பைவிட 25 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி என்ற வழக்கமான கணக்கின்படி, விமானம் 8000 அடியில் இருப்பதாகவே உணரும். இதைத்தான் அடர்த்தி உயரம் என்கிறோம்.

அங்கே காற்றின் அடர்த்தி குறைந்திருப்பதால், வேகமானி காட்டுவதைவிட விமானம் உண்மையில் வேகமாகப் போகும். செஸ்னா 172 எஸ் விமானத்தைக் குறுகிய பாதையில் இறக்க, ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் பலகையை, முழுதாக இறக்கி, வேகமானியில் 61 நாட் வைத்து வரவேண்டும் என்று அதன் கையேடு சொல்கிறது. 8000 அடி அடர்த்தி உயரத்தில் அதே 61 நாட், காற்றில் ஏறத்தாழ 69 நாட் ஆகிவிடும். வாலிலிருந்து 4 நாட் காற்று வீசினால், தரையோடு ஒப்பிட்ட வேகம் 73 நாட். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், கடல்மட்டத்தில் காற்றில்லாத காலையில் வரும் அதே விமானத்தைவிட நூற்றுக்கு 43 பங்கு அதிக ஆற்றலோடு நீங்கள் வந்துகொண்டிருப்பீர்கள், வேகமானியோ 61 என்றே காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆற்றல் முழுவதையும் புல்லும் பிரேக்கும்தான் உள்வாங்க வேண்டும்.

இனி தூரக் கணக்கு. ஐம்பதடி உயரத் தடையைத் தாண்டி இறங்கி நிற்க மொத்தம் 1500 அடியும், அதில் தரையில் உருள மட்டும் 700 அடியும் வேண்டும் என்று கையேட்டின் அட்டவணை காட்டுவதாக வைத்துக்கொள்வோம். உலர்ந்த புல்தரைக்குத் தரையோட்டத்தில் நூற்றுக்கு 45 பங்கு கூட்ட வேண்டும் என்பது இந்த விமானத்தின் கையேட்டிலேயே உள்ள குறிப்பு, அது 315 அடி. மொத்தம் 1815 ஆயிற்று. வாலிலிருந்து வீசும் காற்றுக்கு, ஒவ்வொரு 2 நாட்டுக்கும் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட்டச் சொல்கிறது அதே கையேடு. 4 நாட்டுக்கு இருபது பங்கு என்றால், ஏறத்தாழ 2180 அடி. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், தனியார் விமானிகள் தங்கள் இறங்கும் தூரத்தை இறுதியாக 1.43-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அப்படிப் பெருக்கினால் 3100 அடியைத் தாண்டிவிடுகிறது. தாராளமான ஓடுபாதை என்று சொன்ன இடத்தில் மிச்சம் சுமார் 300 அடிதான். இந்தக் கணக்கை நான் முதன்முறை காகிதத்தில் போட்டபோது, பயணத்தைப் பிற்பகலிலிருந்து மறுநாள் காலைக்கு மாற்றிக்கொண்டேன். அதற்கு யாருடைய அறிவுரையும் தேவைப்படவில்லை.

பிரேக், டயர் ஆகியவற்றின் நிலையையும், விமானத்தின் எடையையும் இந்தக் கணக்கின்போதே பார்த்துவிட வேண்டும். எடை நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால் இறங்கும் தூரமும் ஏறத்தாழ அதே அளவு கூடும். கூடாரம், குளிர்பெட்டி, மீன்பிடிக் கருவிகள் எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்க்காமல் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது, அது தவறு. விமானம் வாடகைக்கு எடுத்ததாக இருந்தால், தார் போடாத பாதையில் இறங்க உரிமையாளரும் காப்பீடும் அனுமதிக்கிறார்களா என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்தில் போவது

பள்ளத்தாக்கில் காற்று ஒரு நாள் ஒழுங்கைப் பின்பற்றுகிறது. இரவில் மலைச்சரிவுகள் குளிர, கனத்த காற்று ஆற்றோடு சேர்ந்து கீழ்நோக்கி வழிகிறது. வெயில் ஏறிய பின் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் மேற்பகுதியை நோக்கி, அதாவது ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக வீசத் தொடங்குகிறது. மலை ஓடுபாதைகள் பலவற்றில் ஆற்றின் மேல்நோக்கி, மேட்டை நோக்கி இறங்கி, கீழ்நோக்கி ஏறிப் பறப்பதே வழக்கம். மேடு விமானத்தை நிறுத்த உதவுகிறது, சரிவு ஏற உதவுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: வெயில் ஏறிய பிற்பகலில் இறங்கும் விமானத்துக்குக் காற்று வாலிலிருந்துதான் வரும். ஜான்சன் கிரீக் ஓடை வடக்கு நோக்கி ஓடுகிறது, அங்கே தெற்கு நோக்கி இறங்குவதே பெரும்பாலானோரின் பழக்கம். பிற்பகல் காற்று வடக்கிலிருந்து தெற்காக வீசும்போது, அந்தப் பழக்கமே பகையாகிவிடுகிறது. மேட்டைக் காரணம் காட்டி வால்காற்றைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விமானிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எத்தனை நாட் வரை பொறுக்கலாம் என்று முன்கூட்டியே எண்ணால் தீர்மானித்துக்கொள்ளாத வரை, அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை.

ஆகவே கோடையில் அதிகாலையில் புறப்பட்டு, முற்பகல் பத்து மணிக்குள் தரையில் இருப்பதே நல்லது. ஆனால் அதிகாலைக்கும் ஒரு விலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. புல்லில் பனி இருக்கும். பிரிட்டன் ஆணையத்தின் அதே வழிகாட்டியில், கெட்டியான மண்ணின்மேல் உலர்ந்த புல்லுக்கு 1.15 என்றிருக்கும் பெருக்கெண், ஈரப் புல்லுக்கு 1.35 ஆகிறது. குட்டையாக வெட்டப்பட்ட ஈரப் புல்லில் 1.6 வரை போகலாம் என்றும் அது எச்சரிக்கிறது. ஈரப் புல்லில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குமே தவிர, விமானம் நிற்காது. காற்று அமைதியாகவும் புல் உலர்ந்தும் இருக்கும் இடைவேளை, வெயில் ஓடுபாதையைத் தொட்ட பின் சில மணி நேரமே. குறுகிய பள்ளத்தாக்கில் கீழே நிழலும் மேலே கண்ணைக் கூசும் ஒளியுமாக இருக்கும் நேரத்தில் மான்கள் நிற்பதும் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் இன்னொரு வேலை, அந்த வாரத்தில் அங்கே இறங்கிய ஒருவரிடம் பேசுவது. மழையில் ஒரு முனை சேறாகியிருக்கலாம், எலிவளை தோண்டப்பட்டிருக்கலாம், மரம் விழுந்திருக்கலாம். வரைபடத்தில் ஓடுபாதை இருக்கிறது என்பதற்காக அது இறங்கத் தக்கது என்று பொருளில்லை. பிக் கிரீக் ஓடையோரமுள்ள டூயி மூர், மைல் ஹை, வைன்ஸ், சைமண்ட்ஸ் ஆகிய நான்கு ஓடுபாதைகளை வனத்துறை அவசரப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வகுத்து வைத்திருப்பது இதற்கு உதாரணம். முதல் ஆண்டில் அவற்றின் பக்கமே போகவேண்டாம்.

பள்ளத்தாக்கில் நுழைதல்

பள்ளத்தாக்கின் நடுவே பறப்பது பாதுகாப்பாகத் தோன்றும், உண்மையில் அதுவே மோசமான இடம். இருபுறமும் பாதி அகலம்தான் மிஞ்சும். வலப்பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால், திரும்ப வேண்டிவரும்போது முழு அகலமும் உங்களுடையது, எதிரே வரும் விமானமும் மறுபுறத்தில் இருக்கும். திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மனக்கணக்காக வைத்திருங்கள். 80 நாட் வேகத்தில் 30 டிகிரி சாய்வில் அரைவட்டம் அடிக்க ஏறத்தாழ 600 மீட்டர் அகலம் தேவை. அதே சாய்வில் 100 நாட்டானால் 900 மீட்டருக்கு மேல். சாய்வை 45 டிகிரியாக்கினால் 80 நாட்டில் 350 மீட்டர் போதும், ஆனால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம், நூற்றுக்கு 19 பங்கு உயர்ந்துவிடும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஃபிளாப்பைச் சிறிது இறக்கி வைத்துக்கொண்டு நுழைவதன் காரணம் இதுதான்.

ஐடஹோவின் மலைக்காட்டு ஓடுபாதைகளில் விமானிகள் 122.9 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தங்கள் இருப்பிடத்தை அறிவித்துக்கொள்கிறார்கள். எந்த ஆறு, எந்த ஓடை கலக்கும் இடம், எவ்வளவு உயரம், ஆற்றின் மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று சொல்லுங்கள். அந்த இடத்துக்குப் புதிதாக வரும் மற்றொருவருக்கும் புரியும்படி பேசுவது உயிர்காக்கும் மரியாதை.

ஓடுபாதையைக் கண்டதும் நேராக இறங்கிவிடாதீர்கள். முதலில் மலைமுகடுகளுக்கு மேலே, உயரத்தில் சுற்றி, பள்ளத்தாக்கின் வடிவையும், காற்றின் திசை காட்டும் துணிக்கூம்பையும், கூம்பில்லையென்றால் மர உச்சிகளின் அசைவையும் நீர்ப்பரப்பின் சுருக்கத்தையும், ஏதேனும் புகை எழுகிறதா என்பதையும் பாருங்கள். பிறகு இடம் அனுமதித்தால், சற்றுத் தாழ்ந்து, ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் பறந்து அதன் பரப்பைப் பார்க்கலாம். நீளத்தில் ஐயமிருந்தால் கடிகாரம் உதவும். தரைவேகம் 60 நாட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 100 அடி கடக்கிறீர்கள். ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பன்னிரண்டு நொடி ஆனால், அது 1200 அடி. தாழப் பறந்து பார்க்கும் இந்த வேலையே விபத்தாக முடிந்ததும் உண்டு. கீழே பார்த்துக்கொண்டிருந்தவர் முன்னால் எழும் மலையைப் பார்க்கவில்லை. தாழ்வாகப் பறந்து முடித்தபின் எந்த வழியாக ஏறி வெளியேறுவது என்று தெரியாத இடத்தில் தாழ்வாகப் பறக்கவே கூடாது.

முடிவெடுக்கும் இடம்

மலைக்காட்டு இறக்கத்தில் மிக முக்கியமானது என்று நான் கருதுவது இதைத்தான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். சமவெளி விமான நிலையத்தில், இறக்கம் சரியில்லையென்றால் எந்தக் கணத்திலும், சக்கரம் தொட்டுத் துள்ளிய பிறகும்கூட, முழு ஆற்றலைக் கொடுத்து மீண்டும் ஏறிவிடலாம். இதை விமானிகள் கோ-அரவுண்ட் என்பார்கள். முன்னால் மலை அடைத்து நிற்கும் ஒருவழி ஓடுபாதையில் அது முடியாது. குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தாண்டிவிட்டால் விமானம் ஏறும் கோணத்தைவிட நிலம் ஏறும் கோணம் அதிகம். அதன்பின் எவ்வளவு மோசமாக வந்தாலும் இறங்கியே ஆகவேண்டும்.

அந்த இடம் எது என்பதை மேலே சுற்றும்போதே, கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளோடு இணைத்து முடிவுசெய்யுங்கள். ஆற்றின் வளைவு, தனித்து நிற்கும் பைன் மரம், பாறை என்று ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். கூட வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த மரத்தை அடையும்போது வேகம் சரியாக இருக்க வேண்டும், உயரம் சரியாக இருக்க வேண்டும், ஃபிளாப் இறங்கியிருக்க வேண்டும், ஓடுபாதையில் மானோ மனிதரோ வேறு விமானமோ இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று பிசகினாலும் அங்கேயே ஆற்றலைக் கொடுத்துத் திரும்பிவிட வேண்டும். சரிசெய்து பார்ப்போம் என்ற எண்ணம் அந்த மரத்துக்கு முன்பு வரை மட்டுமே நியாயமானது. இதில் பெருமையோ வெட்கமோ கலக்க இடமே இல்லை. கீழே கூடாரங்களுக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பார்வை, சில விமானிகளை அந்த இடத்தைத் தாண்டி இழுத்துவந்திருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

திரும்ப ஏறுவதற்கான ஆற்றல் எஞ்சினில் இருக்கிறதா என்பதும் இதோடு சேர்ந்தது. இறங்குமுன் எரிபொருள் கலவையை முழுச் செறிவுக்குத் தள்ளுவது சமவெளியில் கற்ற பழக்கம். 8000 அடி அடர்த்தி உயரத்தில், டர்போ இல்லாத எஞ்சின் கடல்மட்ட ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கையே தரும். அதில் கலவையும் அளவுக்கு மீறிச் செறிவாக இருந்தால் எஞ்சின் இன்னும் தளர்ந்துவிடும். அந்த உயரத்துக்கு ஏற்பக் கலவையை மெலிதாக வைத்தே இறங்குங்கள். திரும்ப ஏறும்போது முழு ஆற்றலைக் கொடுத்ததும், முழுதாக இறக்கிய ஃபிளாப்பை 172-இல் உடனே 20 டிகிரிக்கு உயர்த்தி, வேகம் கூடியபின் மீதியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும்.

கடைசி நேர்கோடு

ஃபைனல் எனப்படும் கடைசி நேர்கோட்டில் கண் உங்களை ஏமாற்றும். மேட்டு ஓடுபாதையை நோக்கி வரும்போது நீங்கள் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதை நம்பித் தாழ்ந்தால் ஓடுபாதையின் விளிம்புக்கு முன்பே மண்ணில் மோத நேரிடும். பழகியதைவிடக் குறுகலான ஓடுபாதையும் இதே மயக்கத்தையே தரும். அடிவானம் தெரியாத பள்ளத்தாக்கில், சரிந்திருக்கும் மரக்கோட்டைக் கண் அடிவானமாக எடுத்துக்கொள்ளும். தரைவேகம் அதிகமாயிருப்பதால் மரங்கள் பக்கத்தில் விரைந்து ஓடுவதைக் கண்டு, வேகமாக வருகிறோம் என்று எண்ணி மூக்கை உயர்த்தியவர்கள், திருப்பத்தில் ஸ்டாலாகி விழுந்திருக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் விபத்து பெரும்பாலும் இந்த வகையே, ஓடுபாதையில் நிகழ்வதில் பெரும்பகுதி உலோகச் சேதத்தோடு போய்விடுகிறது. கண் சொல்வதும் வேகமானி சொல்வதும் முரண்பட்டால் வேகமானியை நம்புங்கள்.

அதே வேகமானியை மறுபுறமும் கண்டிப்போடு நம்ப வேண்டும். இறங்கும் வேகத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால் தூரம் குறைந்தது 21 பங்கு கூடும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு தரும் எண். பாதுகாப்புக்காக என்று ஐந்து நாட், பயணிக்காக ஐந்து நாட் என்று கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பன்று. நான் முதன்முறை புல்தரையில் இறங்கியபோது எட்டு நாட் கூடுதலாக வந்தேன். விமானம் தொட மறுத்து, பாதி ஓடுபாதை வரை மிதந்து சென்றது. அந்தப் பாதை நீளமாக இருந்ததால் வேலிக்கு முன் நின்றேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இறங்கி நடந்து, சக்கரத்தடம் தொடங்கிய இடத்துக்கும் நான் குறிவைத்த இடத்துக்கும் இடையே அடி வைத்து எண்ணியபோது எண்ணிக்கை முடியாமல் போய்க்கொண்டிருந்தது. செயல்விளக்கம் தேடும் மாணவர் எவருக்கும் அந்த நடையைப் பரிந்துரைப்பேன்.

இறங்கும் அமைப்பில் ஸ்டால் வேகத்தின் 1.3 மடங்கு அல்லது உங்கள் கையேடு குறுகிய பாதைக்குச் சொல்லும் வேகம், இரண்டில் கையேட்டுக்கே முதலிடம். காற்று விட்டுவிட்டு வீசினால், அதன் ஏற்ற இறக்க வேறுபாட்டில் பாதியை மட்டும் கூட்டுங்கள், அந்தக் கூட்டலோடு தூரம் போதாவிட்டால் அது இறங்கும் நாள் அன்று. ஓடுபாதையின் விளிம்பையே குறியாக வைக்காமல், நூறு இருநூறு அடி உள்ளே ஓர் இடத்தைக் குறிவையுங்கள். ஆற்றங்கரை மேட்டில் அமைந்த ஓடுபாதைகளில் விளிம்பருகே காற்று கரையிலிருந்து கீழே வழிந்து விமானத்தை அழுத்தும், கரையின் உதடு முன்சக்கரத்தைப் பறித்துவிடும். குறிவைத்த இடத்திலிருந்து இருநூறு அடிக்குள், பத்துக்குப் பத்து முறை சக்கரத்தைத் தொடவைக்க, உங்கள் சொந்த ஊர் விமான நிலையத்தில் முதலில் முடிய வேண்டும். முடியாத வரை மலைக்குப் போவதற்கில்லை என்பது நான் எனக்கே விதித்துக்கொண்ட அளவுகோல்.

தொட்ட பின்

மூக்குச் சக்கர விமானத்தில் அந்த மூக்குச் சக்கரமே பலவீனமான உறுப்பு. பின்சக்கரங்கள் முதலில் மெதுவாகத் தொட, கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுத்து, முன்சக்கரத்தை இயன்றவரை காற்றிலேயே வைத்திருங்கள். அது இறங்கிய பிறகும் கோலைத் தளர்த்தாதீர்கள். முன்சக்கரம் குழியிலோ மென்மண்ணிலோ இறங்கினால் தாங்கி மடங்கி, புரொப்பெல்லர் மண்ணை வெட்டி, பல வேளைகளில் விமானமே முன்னால் கவிழ்ந்துவிடும். மென்மையான நிலத்தில் பிரேக்கைக் கடுமையாக மிதிப்பதும் இதே முடிவுக்குக் கொண்டுசெல்லும். வால்சக்கர விமானத்தில் எடையின் மையம் இரு பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், சற்றுக் கோணலாகத் தொட்டாலும் வால் முன்னால் வரத் துடிக்கும். விமானம் முழுதாக நிற்கும் வரை ரடர் எனப்படும் வால் திருப்பியின் மிதிகளில் கால் உயிரோடு இருக்க வேண்டும், சிலர் வேகம் குறைந்ததும் கவனத்தை விடுகிறார்கள், சுழன்றுபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

துள்ளினால் மூக்கை முன்னால் தள்ளாதீர்கள். மூக்கை அதே நிலையில் பிடித்து, சிறிதே ஆற்றல் கொடுத்து மீண்டும் மெதுவாக அமரவிடுங்கள். இரண்டாம் துள்ளலும் பெரிதாக இருந்து, ஏறிச் செல்ல இடமும் இருந்தால் ஏறிவிடுங்கள். இருவழி ஓடுபாதையில், முதல் மூன்றிலொரு பகுதிக்குள் சக்கரம் தொடவில்லையென்றாலும் அதையே செய்யுங்கள். ஏற வழியில்லாமல், நிறுத்தவும் முடியாது என்று உறுதியானால், விமானத்தைக் காப்பாற்றும் எண்ணத்தை அந்தக் கணத்திலேயே விட்டுவிட வேண்டும். மரங்களுக்கு இடையே உடற்பகுதியைச் செலுத்தி இறக்கைகளை உடையவிடுவது, முகப்பால் மோதுவதைவிட நல்லது. மெதுவான வேகத்தில் மோதினால் மனிதர்கள் பிழைக்கிறார்கள், தோள்வழி வாரையும் சேர்த்துக் கட்டியிருந்தால் இன்னும் அதிகமாகப் பிழைக்கிறார்கள். இடுப்புப் பட்டை மட்டும் உள்ள பழைய விமானத்தில் தோள்வழி வார்களைப் பொருத்தாமல் இத்தகைய இடத்துக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விபத்து நேர்ந்துவிட்டால்

எரிபொருளை மூடி, மின்சாரத்தை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி விமானத்திலிருந்து விலகுங்கள். தீ அபாயம் நீங்கியபின் விமானத்தின் அருகிலேயே தங்குங்கள், தேடுபவர்களுக்கு விமானம்தான் முதலில் கண்ணில் படும். அவசர ஒலிபரப்பி 406 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருக்க வேண்டும். பழைய 121.5 வகைக் கருவிகளின் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் கவனிப்பது 2009 பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கைபேசி இந்தப் பள்ளத்தாக்குகளில் பயன்படாது, செயற்கைக்கோள்வழிச் செய்திக் கருவியை விமானத்தில் வைக்காமல் உங்கள் சட்டையில் மாட்டுங்கள், ஏனெனில் வெளியே வரும்போது உங்களோடு வருவது உடம்பில் இருப்பது மட்டுமே. முதலுதவிப் பொருள், தீ மூட்டும் வகை, ஓர் இரவுக்கான வெதுவெதுப்பான உடை ஆகியவையும் அப்படியே. எப்போது திரும்புவீர்கள் என்று ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடுமையான காயமோ பெருஞ்சேதமோ இருந்தால் அமெரிக்காவில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனடியாகத் தெரிவிப்பது சட்டம். காயம்பட்டோரைக் காப்பாற்றுவது போன்ற தேவைக்காக அல்லாமல் சிதைவுகளை நகர்த்தக் கூடாது.

சிறு விபத்தைப் பற்றி ஒன்று. புரொப்பெல்லர் நுனி மண்ணைத் தொட்டு லேசாக வளைந்திருக்கும், எஞ்சின் ஓடுகிறது, வானிலை நன்றாக இருக்கிறது, அடுத்த நாள் வேலைக்குப் போகவேண்டும். வளைவைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் பறந்துபோகும் ஆசை வரும். அந்த அடி, எஞ்சினுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கியிருக்கக்கூடும். லைகமிங் நிறுவனம் இத்தகைய அடிக்குப் பின் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லிச் சேவை அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. விமானத்தை அங்கேயே கட்டிப்போட்டு வேறொரு விமானத்தில் வீடு திரும்புங்கள். கடுமையாகத் தரைதட்டிய பிறகும், முன்சக்கரத்தைத் தாங்கும் சுவரும் அதன் ஆணிகளும் பரிசோதிக்கப்படும் வரை இதுவே விதி.

எல்லாம் நன்றாக முடிந்து நின்றுவிட்டீர்களென்றால், கூடாரத்தை இறக்கும் முன் ஓடுபாதையை முனையிலிருந்து முனை வரை நடந்து பாருங்கள். உங்கள் சக்கரத்தடம் எங்கே தொடங்கியது, எங்கே பிரேக் பிடித்தது, எங்கே மண் மென்மையாக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் காலை ஏறும்போது அதே தரைதான். எலிவளையைக் கண்டால் கல்லும் மண்ணும் போட்டு மிதித்து மூடுங்கள், மூட முடியாததன் பக்கத்தில் தெரியும்படி ஏதேனும் நட்டுவையுங்கள். மாலையில் அடுத்த விமானம் அலைவரிசையில் கூப்பிடும்போது, வடமுனையிலிருந்து எத்தனை அடியில், எந்த ஓரத்தில் அந்தக் குழி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.